கொட்டாங்குச்சிக்குள் ஒரு முளை

"அய்யோ... என் செங்காந்தள்!"

கீழ் வீட்டு ஐரின் டீச்சர் போட்ட சத்தத்தில், மாடிக்குப் புதிதாகக் குடிவந்த ஷெர்வின் துடைப்பத்தைக் கீழே போட்டான். காக்ஸ் டவுன் மார்ச் வெயிலில், மொட்டைமாடியில் அவளுடைய தொட்டி கவிழ்ந்து கிடந்தது.

"செத்த கொடிங்க... க்ளீன் பண்ணேன்."

"காஞ்சா செத்துப்போச்சா? கிழங்கு உள்ள தூங்குது சார்! விதை போட்டு நாலு வருஷம்... போன வருஷம்தான் மொதப் பூ!"

மண்ணைக் கிளறிக் கிழங்கை எடுத்தாள். கவட்டை போன்ற அதன் இரண்டு முனைகளில் ஒன்று முறிந்திருந்தது. அவள் கண்கள் நிறைந்தன... அந்தப் பெரிய கண்களைப் பார்த்தவன் அவசரமாகத் தொட்டியை நிமிர்த்தி, கிழங்கை வாங்கி மண்ணுக்குள் புதைத்தான்.

"முளை வர்ற வரைக்கும் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன். ப்ராமிஸ்."

மறுநாளே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். "அழுகிடும்! மழை வர்ற வரைக்கும் தொடாதீங்க!" என்று பாய்ந்தாள். சண்டை ஏப்ரலில் கிண்டலாயிற்று. மே மாதம் தொட்டியருகே தினமும் இரண்டு டம்ளர் காப்பி.

ஜூனில் அவனுக்கு ஹைதராபாத் ட்ரான்ஸ்ஃபர் வந்தது. "உங்க கிழங்கு முளைக்கட்டும், கெளம்பிடறேன்," என்று சிரித்தான். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வாளா? டீச்சரம்மா கௌரவம் என்னாவது!

அந்த வார மழையில் முளை வந்தது... சுண்டுவிரல் நுனி அளவு. குதிக்க வேண்டியவள், கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து அதை மூடிவிட்டாள். பைத்தியக்காரி! அதன்பின் ஏது நிம்மதி? சோறு இறங்கவில்லை. மாடிக்கு ஓடினாள், தூக்கிப் பார்த்தாள், மூடினாள்... மறுபடி ஓடினாள். எட்டாம் நாள் முளை வெளுத்து வளைந்திருந்தது. மூடியே வைத்தால் இது செத்துவிடும்... திறந்தால் அவன் போய்விடுவான்.

தூறலில் நின்று கொட்டாங்குச்சியைத் தூக்கி எறிந்தாள்.

"எப்ப முளைச்சுது?" பின்னால் ஷெர்வின்.

"எட்டு நாளாச்சு..."

"நீங்களா மூடி வச்சீங்க? ஏன்?"

"வந்துட்டா நீங்க போயிடுவீங்கல்ல!" அழுகை உடைந்தது. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... போதுமா?"

"கிழங்குக்காகத்தான் என்கூடப் பேசறீங்கன்னு நெனச்சேன் ஐரின்..."

ஓடிப்போய் ஒரு குச்சியை எடுத்துவந்து முளையின் பக்கத்தில் நட்டான்.

"ஏறிப் பூக்கட்டும். ட்ரான்ஸ்ஃபர் வேணாம்னு சொல்லிடறேன்."

"பூத்தப்புறம்?"

"காயும்... மறுபடி முளைக்கணுமே. வருஷா வருஷம் நான் இருக்கேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"காஞ்சப்புறம் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க."