வெள்ளை ஒயர்

ஐந்து ஒயர் இருக்கும் என்று நினைத்து வாங்கிய மோட்டாரில் ஆறு இருந்தன.

"பேட்டரி ஸ்கூட்டர்லேர்ந்து சக்கரத்தோட கழட்டினது சார், நல்லா ஓடும். எந்த ஒயர் எதுக்குன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க," என்று பழைய சாமான் கடைக்காரர் அதை அவர் தலையில் கட்டியிருந்தார். கேட்பது விஞ்ஞானியின் வழக்கமில்லை, சொல்வதுதான். அந்தப் பட்டம் அவர் மனைவி கொடுத்தது, குழாய்க்கு வாஷர் மாற்றும் முன் அரைமணி நேரம் விரிவுரை ஆற்றியதற்காக.

சிவப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து வோல்ட் கொடுத்துச் சக்கரத்தைக் கையால் உருட்டினார். மஞ்சள், பச்சை, நீலம் மூன்றிலும் மீட்டர் ஏறி இறங்கியது. சக்கரம் எங்கே நிற்கிறது என்று சொல்கிற ஒயர்கள். மிச்சம் வெள்ளை, சூடு பார்க்கிற ஒயராக இருக்க வேண்டும். மோட்டாரைச் சூடாக்கினால் மீட்டரில் எண் இறங்கும். ஆனால் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒயர்களில் அழுத்திப் பிடிக்கவே இரண்டு கையும் போய்விடும். மோட்டார் மேல் உள்ளங்கை வைக்க மூன்றாவது கை வேண்டும்.

மூன்றாவது கை எப்போதும் அவளுடையது.

"விஞ்ஞானி எடுன்னு சொல்ற வரைக்கும் எடுக்க மாட்டேன், போதுமா? அடுப்புல பால் பொங்கினாலும் சரி." ஒருமுறை பொங்கியது. அவள் எடுக்கவில்லை.

போன மழையில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் அனலாய்க் கொதித்த அந்தக் கையை அவர் பிடித்திருந்தார். "கையை எடுங்க சார்," என்றாள் நர்ஸ். எடுத்தார். மறுபடி பிடிக்கக் கிடைத்தபோது அது குளிர்ந்திருந்தது.

வெளியே தூறல். சமையலறையில் மகள் பாத்திரம் தேய்க்கும் சத்தம், மேஜையில் பழைய கிரீஸின் வாடை. முனைகளை அழுத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில், "கையை வை," என்றார். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

மீட்டரில் பத்து. பிறகு ஒன்பதரை. ஒன்பது.

மேஜை விளக்கின் சூடுதான் என்று தனக்கே விளக்கம் சொல்லி, முழங்கையால் அதைத் தள்ளினார். எட்டரை. தன் மூச்சோ என்று முகத்தைத் திருப்பினார். எட்டு. வெங்காயமும் சோப்பும் கலந்த வாசனை தோளருகே வந்து நின்றது.

"எடு," என்றார், குரல் எழும்பாமல்.

எண் மெல்லப் பத்துக்கு ஏறியது.

"வை." உடனே இறங்கியது.

"எடு." "வை." இந்த முறை தாமதம். இன்னொரு முறை. வெகு நேரம் பத்திலேயே நின்றது; தூறல்கூட ஓய்ந்துவிட்டது. அவர் காத்திருந்தார். கடைசியில் இறங்கியது, தள்ளாடிக்கொண்டு.

இனி விட்டால் வரமாட்டாள்.

ஆறு. உடம்புச் சூடு. ஐந்து. காய்ச்சல், அதற்கு அவருக்கு மீட்டர் தேவையில்லை. நான்கு.

மூன்று.

பெயின்ட் வாடை. அப்புறம் பெயின்ட் அல்லாத வாடை.

"அப்பா, என்னமோ கருகுது?"

"ஒண்ணுமில்லம்மா."

இரண்டு.

மோட்டாரின் மேல் பெயின்ட் கொப்பளித்தது. நான்கு விரல். கட்டைவிரல். மோதிரத்தின் வளையம். கொப்புளங்களின் ஓரம் சிறுசிறு அசைவாக நடுங்கியது, வலி தாங்காத கை நடுங்குவது போல. ஆனால் அந்தக் கை இம்மியும் நகரவில்லை.

அது ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது.

விஞ்ஞானி முனைகளை இன்னும் அழுத்திப் பிடித்தார். வாயைத் திறக்கவில்லை.