கோர்ட்டில் ஒரு க்ளிக்

டெலிபோன் அலறியது.

1957. ஜூலை மாதத்து வெயில். மத்தியானம் மணி மூன்றேகால்.

இன்ஸ்பெக்டர் இராமதாஸ் ரிசீவரை எடுத்தார்.

"ரெட்டியார்பாளையத்துலேர்ந்து பேசறேன். பேரு சுப்பிரமணியன். என் மனைவி செத்துக் கெடக்கிறா. வாங்க."

"எப்படிச் செத்தாங்க?"

"கழுத்துல கயிறு இருக்குது."

"நீங்க எங்கேர்ந்து பேசறீங்க?"

"எதிர்ல மருந்துக்கடை. சீக்கிரம் வச்சிடறேன். அவ தனியா இருக்கிறா."

லைன் அறுந்தது.

இராமதாஸ் ரிசீவரையே பார்த்தார். இருபது வருட சர்வீஸில் இவ்வளவு நிதானமாக எவனும் பேசியதில்லை.

சமையலறையில் செல்வாம்பாள் கிடந்தாள். வயது இருபத்திரண்டு. கல்யாணமாகி இரண்டு வருடம். அடுப்பில் பருப்பு தீய்ந்திருந்தது.

பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான். பள்ளிக்கூட வாத்தியார். பி.ஏ. படித்தவன். சின்ன வயதில் வந்த பெரியம்மை அவன் முகம் முழுக்கக் குழி போட்டுவிட்டுப் போயிருந்தது. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அழுதவர் வேறு ஒருவர்.

கோவிந்தசாமி. அந்த வீட்டின் சொந்தக்காரர். ஊரில் ஒரு தினசரி நடத்துகிறவர். விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்து, வாசலில் விழுந்து, தன் சொந்த மகள் போனதுபோலத் தேம்பினார்.

தெரு இரண்டு பேரையும் பார்த்தது. யார் நல்லவன், யார் கெட்டவன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டது.

போலீஸுக்கும் அதிக நேரம் ஆகவில்லை.

தலைவலி என்று ஒரு மணிக்கே பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பியிருக்கிறான். மூன்று மணி வரை எங்கே இருந்தாய் என்று கேட்டால் கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன் என்கிறான். யாரும் பார்க்கவில்லை. கொல்லைக் கதவு வெளியே பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டின் சாவி எங்கே என்று கேட்டால் தெரியாது என்கிறான்.

எல்லாவற்றுக்கும் மேலே... அழவில்லை.

விலங்கு மாட்டினார்கள்.

*

டிசம்பரில் வழக்கு வந்தது.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறி மூன்று வருடம் ஆகியும் கோர்ட்டில் இன்னும் பிரெஞ்சுச் சட்டம்தான். கொலைக்குத் தூக்கு கிடையாது. தலையை வெட்டச் சொல்லுகிற சட்டம்.

சுப்பிரமணியனுக்கு மெத்ர் தணிகாசலம் ஆஜரானார். பிரான்ஸில் படித்துவிட்டு வந்த கிழட்டு வக்கீல். பழைய ஆட்கள் இன்னும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி மரியாதையாக மெத்ர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் நாளே ஒரு தகராறு.

வழக்கை ஆரம்பிக்கும் முன் கோவிந்தசாமி ஒரு மனு நீட்டினார். கோர்ட்டுக்குள் தன் பத்திரிகைக்காகப் படம் எடுக்க அனுமதி வேண்டுமாம்.

தணிகாசலம் கறுப்பு அங்கியை உதறிக்கொண்டு எழுந்தார்.

"இது கோர்ட்டா, கல்யாண வீடா?"

கோவிந்தசாமி பணிவாகச் சிரித்தார். அமெரிக்காவில் ஒரு ஊரில் டெலிவிஷன் காமிராவையே கோர்ட்டுக்குள் வைத்துக் கொலை வழக்கைக் காட்டிவிட்டார்கள் என்றார். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தே நீதியைப் பார்க்கிறார்கள் என்றார்.

"நம்ம ஊர் ஜனங்க ஒரு போட்டோவாவது பார்க்கக்கூடாதுங்களா, ஐயா? எழுதறவன் கூட்டிக் குறைச்சு எழுதலாம். காமிரா உள்ளதை உள்ளபடி காட்டும்."

"அதுதான் பயம்" என்றார் தணிகாசலம். "சாட்சி சொல்றதை எவனும் கேட்க மாட்டான். மூஞ்சியப் பார்த்தே தீர்ப்பு எழுதிடுவான். பிரான்ஸ்லயே தடை போட்டுட்டாங்க."

நீதிபதி கிருஷ்ணசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எப்பப் போட்டாங்க, மெத்ர்?"

"ஐம்பத்து நாலு. டிசம்பர்."

"நம்ம ஊர் கைமாறினது?"

தணிகாசலம் அங்கியை நீவிவிட்டுக்கொண்டார்.

"நவம்பர்."

ஒரு மாதம்! ஒரே ஒரு மாதம் பிந்திப் பிறந்த சட்டம். புதுச்சேரிக்குள் அதற்கு நுழைவுச் சீட்டு இல்லை.

நாளுக்கு ஒரு படம். அதற்கு மேல் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

படம் எடுக்க வந்தவர் பலராமன். ஸ்டூடியோ வைத்திருப்பவர். பெரிய பிளேட் காமிரா. தோளில் பை. கல்யாணப் பெண்கள் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் ஸ்டூடியோவுக்குள் போனவன் எவனும் அசிங்கமாக வெளியே வந்ததில்லை என்று ஊரில் பேச்சு.

பல்பு வெடித்தது. குற்றவாளிக் கூண்டில் இருந்த முகம் ஒரு கணம் வெளுத்தது.

மறுநாள் முதல் பக்கத்தில் அந்த முகம். முக்கால் பக்கத்துக்கு. மேலே கொட்டை எழுத்து.

"அழாத கணவன்!"

பத்து மணிக்குள் பேப்பர் தீர்ந்துபோனது. டீக்கடைகளில் தீர்ப்பு எழுதினார்கள். கண்ணைப் பாருடா, கல்லு மாதிரி என்றான் ஒருவன். பொண்டாட்டியக் கொன்னவன் கண்ணு இப்படித்தான் இருக்கும் என்றான், பொண்டாட்டியே இல்லாத இன்னொருவன்.

தணிகாசலம் ஜெயிலுக்குப் போனார்.

"தம்பி, நாளைக்கு ஒரு சொட்டு அழுதுடு."

"வரலைங்க."

"காமிரா இருக்குதுப்பா."

"அதனாலதான் வரலை."

கிழவர் பெருமூச்சு விட்டார். கையிலிருந்த பேப்பரைப் பிரித்தார். படத்தைப் பார்த்தார். எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

பேப்பரை மெல்ல மடித்து அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

*

மூன்றாம் நாள் ஒரு சாட்சி முளைத்தாள்.

சின்னப்பொண்ணு. தேங்காய்த்திட்டு மீன்காரி. கூடையும் கையுமாக இராமதாஸிடம் வந்தாள். கொலை நடந்த அன்று மீன் விற்றுவிட்டு அந்த வீட்டுப் பின்பக்கமாகப் போனாளாம். ஒருவன் கொல்லைக் கதவைப் பூட்டிவிட்டு வந்தானாம். சாவியைப் பாழுங்கிணற்றில் போட்டானாம். போலீஸ் என்றால் பயம். அதனால் வாயைத் திறக்கவில்லை. பேப்பரில் படத்தைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

இராமதாஸ் ஆள் இறக்கினார்.

இரண்டு வீடு தள்ளி, புதர் மூடிக் கிடந்த கிணறு. சேறு அள்ளினார்கள். பதினோராவது வாளியில்...

சாவி!

கொல்லைக் கதவுப் பூட்டில் போட்டுத் திருகினார். 'க்ளக்' என்று திறந்தது.

அவ்வளவுதான். சுப்பிரமணியனின் தலை பாதி போய்விட்டது.

நான்காம் நாள் கோர்ட்டில் நிற்க இடமில்லை. முன் வரிசையில் கோவிந்தசாமி. பக்கத்தில் காமிராவோடு பலராமன்.

சாட்சியைக் கூப்பிடும் முன் தணிகாசலம் ஒரு சின்ன வேண்டுகோள் வைத்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை தன் கட்சிக்காரன் திரும்பி உட்காரட்டும், தலையில் துண்டைப் போர்த்திக்கொள்ளட்டும் என்றார்.

அரசு வக்கீல் தாராளமாகத் தலையாட்டினார். சாவி கையில் இருக்கிறபோது துண்டு என்ன செய்துவிடும்?

சின்னப்பொண்ணு சத்தியம் செய்தாள். சாவிக் கதையைத் தடுமாறாமல் சொன்னாள். தணிகாசலம் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார்.

"ஏம்மா, பூட்டிட்டு வந்தவனை எவ்வளவு தூரத்துல பார்த்த?"

"எதுக்கத்தான் வந்தான், துரை. ரெண்டு மொழம் இருக்கும். கூடைய இடிச்சிட்டுப் போனான்."

"வெயில்ல பார்த்தியா, நெழல்லயா?"

"உச்சி வெயிலு."

"மூஞ்சி ஞாபகம் இருக்குதா?"

"சாவுற வரைக்கும் மறக்காது."

"எப்படி இருந்துச்சு? சொல்லு, கேப்போம்."

"செவப்பா... மெலிசா மீசை. மூஞ்சி வழுவழுன்னு."

"வழுவழுன்னா?"

"ஒரு பரு, ஒரு வடு கெடையாது, துரை. தேச்ச கண்ணாடி மாதிரி."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இதுல யோசிக்க என்னா இருக்குது? மீனு கண்ணப் பார்த்தே நேத்து மீனா, இன்னிக்கி மீனான்னு சொல்றவ நானு. ஆளு மூஞ்சிய மறப்பனா?"

கோர்ட் சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார்.

"தம்பி, துண்டை எடுத்துட்டுத் திரும்பு."

சுப்பிரமணியன் திரும்பினான்.

ஜன்னல் வெளிச்சம் நேராக அவன் முகத்தில் அடித்தது. நெற்றி, கன்னம், மூக்கு, தாடை... ஊசி வைக்க இடமில்லாமல் அம்மைத் தழும்பு.

சிரிப்பு நின்றது.

சின்னப்பொண்ணு ஒரு அடி பின்னால் போனாள்.

தணிகாசலம் அங்கிக்குள்ளிருந்து பேப்பரை எடுத்தார். நீதிபதி மேசையில் விரித்தார். படத்தில் அதே கண். அதே மீசை. ஆனால் கன்னம் மட்டும் பச்சைக் குழந்தையின் கன்னம்.

"பலராமன், இது என்னப்பா?"

போட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தார்.

"டச்சிங்குங்க. நெகட்டிவ்ல பென்சில் போட்டுக் குழியெல்லாம் மறைச்சிடுவேன். எல்லாருக்கும் பண்றதுதான்."

"கொலைக் கேஸ்ல நிக்கிறவனுக்குமா?"

"கை பழகிப்போச்சுங்க. ஊரே பார்க்கிற படமாச்சே, பார்க்க நல்லா இருக்கட்டும்னு..."

நீதிபதி சிரிக்கவில்லை.

"அப்ப இவ ஆளைப் பார்க்கல. படத்தைத்தான் பார்த்திருக்கிறா."

"அதேதான், ஐயா" என்றார் தணிகாசலம். அவர் குரல் தணிந்தது. "ஆனா சாவி நெசம். கெணறு நெசம். போலீசுக்கே தெரியாத விஷயம், அங்க போகாத இவளுக்கு எப்படித் தெரிஞ்சுது? சாவிய எங்க போட்டோம்னு போட்டவனுக்குத்தான் தெரியும். சின்னப்பொண்ணு! உனக்குச் சொல்லிக் குடுத்தவன் யாரோ அவன்தான் கொலைகாரன். அவனுக்காக நீ ஜெயிலுக்குப் போறியா?"

சின்னப்பொண்ணு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மவனுக்கு மில்லுல வேலை வாங்கித் தர்றேன்னாரு..." அவள் அழ ஆரம்பித்தாள். "படத்தக் குடுத்து நல்லாப் பார்த்துக்கோன்னாரு. சாவின்னு சொன்னாத்தான் நம்புவாங்கன்னாரு..."

"யாரு?"

அவள் விரல் எழும்பவில்லை. கண் மட்டும் முன் வரிசைக்குப் போனது.

க்ளிக்!

பல்பு வெடித்தது. பலராமன் அன்றைய ஒரே படத்தை எடுத்துவிட்டார்.

வெள்ளை வெளிச்சத்தில் கோவிந்தசாமியின் முகம். வாய் பிளந்து, கண் பிதுங்கி, வேர்வை வழிந்து...

"படம் எடுக்காதே!" அவர் கையால் முகத்தை மூடிக்கொண்டு கத்தினார். "ஐயா... கோர்ட்டுக்குள்ள காமிரா எதுக்குங்க? தடை போடுங்க ஐயா, தடை போடுங்க!"

"மனு குடுத்தீங்கன்னா பார்க்கலாம்" என்றார் நீதிபதி. "இராமதாஸ், கதவைச் சாத்துங்க."

*

சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது.

வீட்டைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, வாத்தியார் பள்ளிக்கூடம் போகிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார் கோவிந்தசாமி. மூன்று முறை விரட்டியிருக்கிறாள் செல்வாம்பாள். நாலாவது முறை, இன்றைக்கு என் வீட்டுக்காரர் வந்ததும் சொல்லிவிடுவேன் என்றாள். ஊர்ப் பெரிய மனிதருக்குப் பெயர் முக்கியம். கொடியில் கயிறு இருந்தது. போகிறபோது கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் வீசினார்.

வழக்கு சுலபமாக முடியும் என்றுதான் நினைத்தார். போலீஸிடம் சாட்சி இல்லை என்று தெரிந்ததும் தானே ஒன்றைச் செய்தார். பேப்பர்காரர் புத்தி. கதைக்கு ருசியாக ஒரு விவரம் வேண்டும் என்று சாவியைச் சேர்த்தார். இரண்டு வருடமாகக் குடியிருந்தவனின் முகத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. படம் போதும் என்று நினைத்துவிட்டார்.

சுப்பிரமணியனை விட்டார்கள்.

கோர்ட் வாசலில் கூட்டம். நேற்று அவனைக் கொலைகாரன் என்றவர்கள் இன்று மாலை வாங்கிவந்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியுமே, அப்பாவி என்றான் டீக்கடைக்காரன். சுப்பிரமணியன் மாலையை வாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தான்.

பலராமன் காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்.

"தம்பி, மன்னிச்சிடுங்க. ஒண்ணு சொல்லணும். உங்க கல்யாணப் படம் நான்தானே எடுத்தேன்?"

"ஆமா."

"அதுக்கு மட்டும் நான் டச்சிங் பண்ணல. பென்சில எடுத்தேன். உங்க வீட்டம்மா தனியா வந்து தடுத்துட்டாங்க. அவரு எப்படி இருக்கிறாரோ அப்படியே வேணும், ஒரு குழியக்கூட எடுக்காதீங்கன்னாங்க. என் சர்வீஸ்ல அப்படிக் கேட்டது அவங்க ஒருத்தர்தான்."

சுப்பிரமணியன் நின்றான். தாடை ஒருமுறை அசைந்தது.

"வீட்டுக்கா போறீங்க?"

"ஆமா."

"அங்க யாரு இருக்கா இப்ப?"

"யாருமில்ல. அதனாலதான்."

பலராமனுக்குப் புரிந்தது. காமிராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். இன்றைக்கு எடுத்த படத்தை யாரிடம் கொடுப்பது, பேப்பர் முதலாளியே உள்ளே போய்விட்டாரே என்று முணுமுணுத்தார்.

சுப்பிரமணியன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"அவருக்கே ஒண்ணு அனுப்புங்க. டச்சிங் மட்டும் வேணாம்... காமிரா உள்ளதை உள்ளபடி காட்டட்டும்."