நாற்பத்தொரு பவுண்டு சதி

"ஐயோ! கொன்னுட்டாங்க!"

அலறியது வெர்னான். சின்னஞ்சிறு ஒற்றை சீட் மர விமானத்துக்குள் உட்கார்ந்தபடியே!

புல் ஓடுதளத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த லெராய் ஓடி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர். போலீஸ் வேலையிலிருந்து ரிட்டயராகி ஒன்பது வருஷம். போலீஸ் புத்தி இன்னும் ரிட்டயராகவில்லை.

"யாரை? பொணம் எங்க?"

"என் ப்ளேனைடா! மெஷினைப் பாரு!"

மூன்று சக்கரம். அடியில் மூன்று எடை மெஷின். லெராய் கூட்டினார்.

ஐந்நூற்று நாற்பத்தொன்று!

ஆளோடு சேர்த்து ஐந்நூறு பவுண்டுதான் அனுமதி. 'கிட்'டாகப் பெட்டியில் வந்த மரத்துண்டுகளை ஆறு வருஷம் இழைத்து, ஒட்டி, ஒரு ஸ்க்ரூவைக்கூட சமையலறைத் தராசில் நிறுத்து மாட்டியவர் வெர்னான். விமானச் சோதனை அதிகாரி நேற்றே கையெழுத்துப் போட்டாயிற்று. இன்று முதல் பறப்பு.

இந்த எடையில்... முடியாது!

"சதிடா! எவனோ இறக்கைக்குள்ள எதையோ வெச்சிருக்கான்!"

லெராய் டார்ச்சும் கண்ணாடியுமாக இறக்கையைக் குடைந்தார்.

"சுத்தம்."

"வால்?"

"அதுவும் சுத்தம். நீ கொஞ்சம் இறங்கு."

இறங்கினார். முந்நூற்று இருபது!

"ஏறு."

ஐந்நூற்று நாற்பத்தொன்று!

"யோவ்... கடத்தல் சரக்கு உன் பேண்ட்டுக்குள்ளதான்யா இருக்கு!"

"உளறாதடா! நான் நூத்தி எழுபத்தஞ்சு!"

"எப்ப பார்த்தே?"

"கிட் வந்த அன்னிக்கு. மறுநாளே வீட்டு எடை மெஷின் காணாமப் போச்சு..."

"காணாமப் போச்சா!" நோட்டுப் புத்தகம் வெளியே வந்தது. "பேண்ட் இறுக்கலையா?"

"இல்லியே..."

லெராய் அவரை இறக்கி, பேண்ட்டின் இடுப்புப் பட்டையைத் திருப்பினார். உள்ளே ஒட்டுத்துணி. ஒன்றல்ல... ஆறு! வருஷத்துக்கு ஒன்று!

குனிந்து சீட்டை முகர்ந்தார்.

"வெண்ணெய்... பாதாம்... சர்க்கரைப் பாகு..."

"க்ரிங்கிள்டா, அந்த இனிப்பு ரொட்டி வளையம். தினம் நாலு மணிக்கு ஆர்லீன் காபியோட கொண்டு வருவா."

"எத்தனை துண்டு?"

"துண்டா? முழு வளையம்..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது கார் கதவு சாத்தும் சத்தம்!

ஆர்லீன். வெர்னானின் மனைவி. தோல் ஜாக்கெட். ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் அட்டைப் பெட்டி.

"நீயாடி?"

"நானேதான்! கிட் வந்த அன்னிக்கு என்ன சொன்னீங்க? 'நீ கீழ நின்னு கையாட்டு, போதும்'னு! இறக்கைச் சட்டம் நாப்பத்திரண்டையும் ஒட்டினது யாருங்க?"

"அடிப்பாவி! உனக்கு ஓட்டத் தெரியுமா?"

லைசென்ஸை நீட்டினாள்.

"செவ்வாய்க்கிழமை போர்வை தைக்கிற க்ளாஸ்னு போனேனே... ஒரு போர்வையாவது வீட்டுக்கு வந்துச்சா?"



ஆர்லீன் ஏறி உட்கார்ந்தாள். நானூற்று ஐம்பத்திரண்டு!

எஞ்சின் உறுமியது. புல் சாய்ந்தது. சக்கரம் தரையை விட்டது...

வெர்னானின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பறக்குதுடா லெராய்! எங்க ப்ளேன் பறக்குதுடா!"

அவரையறியாமல் கை உயர்ந்து, ஆடிக்கொண்டிருந்தது.

லெராய் அவள் விட்டுப்போன பெட்டியைத் திறந்தார். சுடச்சுட க்ரிங்கிள்!

"குற்றவாளி தப்பிச்சாச்சு. வாய்யா... தடயத்தையாவது அழிப்போம்!"