பின்னணியை மங்கலாக்கு

ரோஹிணிக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் புது டேப்லட் ஒழுங்காகவே மங்கலாக்கியிருந்தது. மூன்று நாள் மழையில் காயாமல் கொடியில் தொங்கிய துணி, சோபாவில் மடிக்காமல் குவிந்து கிடந்த துணி, ஹர்ஷா சுவரில் கிறுக்கிய யானை, எல்லாமே பால் அதிகமான டீ நிறத்தில் கரைந்து போயிருந்தன. ஆன்லைனில் இருந்த டியூஷன் பிள்ளைகள் ஒன்பது பேருக்கும் அவள் முகமும் கையும் சின்னக் கரும்பலகையும் மட்டும்தான் தெரியும். ஆனால் சமையலறை வாசலில், ஓர் ஆள் உயரத்துக்கு, மங்கல் விழவில்லை. அங்கே மட்டும் கதவில் பெயின்ட் உரிந்திருந்ததும், உள்ளே ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கிய கைத்துண்டும் துல்லியமாகத் தெரிந்தன. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. என்ன இழவோ பண்ணட்டும் என்று வட்டத்தின் தொடுகோட்டுக்குத் திரும்பினாள்.

ஆராய்ச்சி பண்ண அவளுக்குத் தெம்பில்லை. தாம்பரம் தாலுகாவுக்கு மழை விடுமுறை என்றால் ஊருக்கெல்லாம் விடுமுறை, அவளைப் போன்ற கணக்கு டீச்சருக்கு மட்டும் இரட்டை வேலை. காலையில் பள்ளிக்கூடத்து ஆன்லைன் வகுப்பு, சாயங்காலம் நான்கு மணிக்கு டியூஷன், நடுவில் சமையல், பாத்திரம், ஏழு வயது ஹர்ஷா. புருஷன் சூர்யநாராயணனுக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. பழைய டேப்லட் வேறு இத்தனை நாள் உயிரை வாங்கியது. பலகையைக் காட்டினால் பலகையை விழுங்கும், தலையைத் திருப்பினால் ஒரு காதைக் காணோம். போதும் போதும் என்றாகித்தான் போன வாரம் குரோம்பேட்டைக்குப் போய்ப் புதிது வாங்கினாள்.

"இதுல புது ப்ராசஸர் மேடம்," என்றான் கடைக்காரன் குமரவேல். "பழசு மாதிரி குத்துமதிப்பா வெட்டிகினு கெடக்காது. மனுஷன் யாரு, செவுரு எதுன்னு இதுக்கு நல்லா தெரியும். யார் ஓனரோ அவங்க மேலயே கண்ணா இருக்கும். நெட்டு கூட வோணாம், எல்லாம் உள்ளாறயே யோசிச்சிக்கும்."

மறுநாள் வகுப்பில் பாதிக் கணக்கில் ஸ்நேகா கையைத் தூக்கினாள்.

"மிஸ், உங்க பின்னாடி யாரு மிஸ்?"

"யாருமில்ல. நோட்டைப் பாரு."

சொல்லிவிட்டுத் திரையின் ஓரத்தில் இருந்த தன் சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். மங்காத அந்த இடம் சமையலறை வாசலில் இல்லை. சோபாவைத் தாண்டி, கொடியைத் தாண்டி, அவள் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் வந்திருந்தது. மேலே உருண்டையாக, கீழே தோள் மாதிரி அகலமாக. ஈரத்துணி நாற்றத்துக்கு நடுவில் எங்கிருந்தோ சீயக்காய் வாசனை வந்தது, இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு யாரோ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி. இந்த வீட்டில் யாரும் சீயக்காய் தேய்ப்பதில்லை. ரோஹிணிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆறரை வரை பாடம் நடத்தினாள்.

அன்று போனில் சூர்யநாராயணனிடம் சொன்னாள். "சாஃப்ட்வேர் கோளாறா இருக்கும்மா, அப்டேட் போட்டுப் பாரு," என்றான். கிளம்பி வரேன் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று அவளுக்கு இருந்தது. சொல்லவில்லை.

ஹர்ஷா அவள் பெற்ற பெண் இல்லை. பெற்றவள் ஸ்ரீவித்யா, சூர்யநாராயணனின் மூத்த மனைவி, குழந்தைக்கு எட்டு மாதமாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வயதில் கைக்கு வந்த குழந்தையை ரோஹிணிதான் வளர்த்தாள். ஹர்ஷாவுக்கு அவள்தான் அம்மா. சாமி அலமாரியில் இருப்பவள் வெறும் 'போட்டோ அம்மா'. வேறு எதையும் ரோஹிணி இந்த வீட்டில் தனக்கென்று கேட்டதில்லை. ஒரு நாள் இந்தக் குழந்தை தன்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டுவிடுமோ என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே பயம்.

அதனாலேயே அவள் ஒரு வழக்கத்தை விட்டதில்லை. மூத்தவள் சுமங்கலியாகப் போனவள்; புதிதாக எது வீட்டுக்குள் வந்தாலும் முதலில் அவள் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். புடவையோ, குக்கரோ, எதுவாக இருந்தாலும் சரி. டேப்லட்டையும் அப்படித்தான் குங்குமம் வைத்து, ஆன் பண்ணி, படத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தாள். "அக்கா, முதல்ல இது உங்களோடது. அப்புறம் நான் எடுத்துக்கறேன்," என்றாள். அதற்குள் பால் பொங்கிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தபோது திரையில் 'முகம் பதிவானது' என்று இருந்தது. கடையிலேயே தன் முகத்தைப் பதிந்து கொடுத்துவிட்டார்கள் போல என்று நினைத்தாள். அப்புறம் அது அவள் முகத்துக்குத் திறக்காதபோதெல்லாம், தூக்கமில்லாமல் வீங்கின முகம் அதற்கே அடையாளம் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டு நான்கு எண்ணைத் தட்டித் திறந்தாள்.

மூன்றாம் நாள் மதியமே வானம் இருண்டது. மூன்றரைக்குக் கரென்ட் போயிற்று. ஃபேன் நின்றதும் தெருக்கோடி ஏரி நிரம்பி வழிகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. வகுப்புக்கு நேரமாகிறதே என்று டேப்லட்டை எடுத்தாள். நான்கு எண்ணையும் அது ஏற்கவில்லை.

'நீங்கள் உரிமையாளர் இல்லை. உரிமையாளர் முகத்தைக் காட்டவும்.'

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சே, போட்டோவை முகம் என்று நினைத்துத் தொலைத்திருக்கிறது, அவ்வளவுதான், அதை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஹர்ஷா ஹாலில் தரையில் உட்கார்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அவளைத் தாண்டிச் சாமி அலமாரிக்குப் போய், டேப்லட்டை ஸ்ரீவித்யாவின் படத்துக்கு நேராகப் பிடித்தாள். அரக்குப் பட்டு, பாதிச் சிரிப்பு, கண்ணாடி மேல் காய்ந்த குங்குமம். அலமாரியை ஒட்டிப் பக்கவாட்டில் நின்றதால் திரை அவளுக்கும் சாய்வாகத் தெரிந்தது.

'தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பவும்.'

ரோஹிணிக்கு நிம்மதியில் சிரிப்பே வந்துவிட்டது. படம் எங்கே தலையைத் திருப்பும்?

பச்சை டிக் விழுந்தது.

'வலப்பக்கம் திருப்பவும்.'

டிக்.

சீயக்காய் வாசனை. மிகப் பக்கத்தில். திரையைத் தவிர வேறெங்கும் அவள் பார்க்கவில்லை. நிமிர்ந்து படத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

'கண்களை இமைக்கவும்.'

வேண்டாம். அக்கா, வேண்டாம்.

டிக்.

கேமரா தானாகத் திறந்தது. திரையில் அலமாரி தெரிந்தது. விளக்கு தெரிந்தது. அவளும் தெரிந்தாள், அவள் புடவையை வைத்துத்தான் அது அவள் என்று தெரிந்தது. கழுத்துக்கு மேலே கரைந்திருந்தது. கண் இல்லை, வாய் இல்லை, டீ நிறத்தில் ஒரு கலங்கல். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கன்னம் இருந்தது. திரையில் ஒரு கலங்கலை இன்னொரு கலங்கல் தொட்டது.

ஹாலில் ஹர்ஷா சிரித்தாள்.

"ஆ! மெதுவாம்மா, வலிக்குது."

டேப்லட் கீழே விழுந்தது. ரோஹிணி ஓடினாள்.

ஹாலின் நடுவில் குழந்தை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. பின்னால் ஒன்றும் இல்லை. யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி தலை மட்டும் லேசாக அண்ணாந்திருந்தது. தலைமுடி மூன்று கால்களாகப் பிரிந்தது. ஒன்றன் மேல் ஒன்று போயிற்று. இறுகியது. மறுபடியும் பிரிந்தது.

"ஹர்ஷா! எழுந்து வா. அம்மாகிட்ட வா."

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. நேராக அவளைத்தான். கண்ணை இடுக்கிக்கொண்டு தேடியது. கிட்டத்தில் மண்டியிட்டு அதன் கையைப் பிடித்தாள். குளிர்ந்த காற்றுப் பட்ட மாதிரி ஹர்ஷா கையை உதறிக்கொண்டாள்.

"கண்ணு, நான்தாண்டி! என்னைப் பாருடி!"

ஹர்ஷாவின் உதடு பிதுங்கியது. அவளைப் பார்க்கவில்லை. தன் தோளுக்கு மேலே, பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இங்க யாரோ இருக்கறாப்ல இருக்கு. பயமா இருக்கும்மா."

பின்னல் பாதியில் நின்றது. வளையல் சத்தம்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தது. தலை தரையில் படவில்லை. தரைக்கு ஒரு ஜாண் மேலே, யார் மடியிலோ, பத்திரமாக நின்றது.