நூற்று முப்பது மைக்ரான்

காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு பேருக்குக் கண் செதுக்கி முடிந்திருந்தது. பன்னிரண்டு பேரும் அந்த மாதம் பதினெட்டு வயது நிறைந்தவர்கள். முத்துப்பேட்டைப் படகுத்துறையில் ‘கயல்’ என்ற கண் மருத்துவப் படகு வந்து நின்றால் இப்படித்தான். புதுச் சட்டையோடு வருவார்கள், படுப்பார்கள், ‘தொடங்கு’ என்பார்கள். கண் ஒன்றுக்கு இருபத்திரண்டு நொடி. ஒரு மணி நேரத்தில் மங்கல் விலகியதும் மேல்தளத்துக்கு ஓடிப்போய், எதிர்க்கரை அலையாத்திக் காட்டில் இலை இலையாகத் தெரிகிறதென்று கூச்சல் போடுவார்கள்.

அவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் டாக்டர் ஷமீலாவின் வேலை. கண் மருத்துவம் முழுதாகப் படித்தவள். ஆனாலும் ஒரு கண்ணிலும் அவள் கத்தி வைத்ததில்லை. அவள் தலைமுறையில் யாருமே வைத்ததில்லை. வெட்டுவதெல்லாம் கருவிழிச் செதுக்கிதான். அருகில் ஒரு மனிதர் உட்கார்ந்து நோயாளியின் கையைப் பிடித்திருக்க வேண்டும், நிறுத்துமிதியின் மேல் பாதத்தை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தப் பதவிக்குக் ‘கைத்துணை’ என்று பெயர். ஒன்பது ஆண்டுகளில் ஷமீலா ஒருமுறைகூட அந்த மிதியை அழுத்தியதில்லை.

அழுத்தத் தேவை வந்ததில்லை. செதுக்கி கூரையிலிருந்து மூன்று வளையங்களில் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கட்டிலோடு சேர்ந்து தானும் சாயும். ஒரு நொடியில் நாலாயிரம் தடவை கண்ணைப் பார்க்கும். நோயாளிக்குப் பார்வை நகரவேண்டுமென்ற எண்ணம் எழும்போதே அதன் ஒளி நகர்ந்திருக்கும். கருவிழியின் மேல்தோலைக் கிழிக்காமல், உள்ளே இரண்டு அடுக்குகளுக்கு நடுவே லேசரால் கோடிழுத்து, லென்ஸ் வடிவத்தில் ஒரு மெல்லிய திசுவைப் பிரிக்கும். பிறகு தலைமுடி அளவே உள்ள நுண்கரம் ஒன்று ஓரத்துச் சிறு கீறல் வழியாக நுழைந்து அதை வெளியே எடுத்துவரும். அதுதான் விழிச்சில்லு. நன்றாகக் கண் தெரியாதவர்களின் சில்லு தடிப்பாக இருக்கும். இப்போது பிள்ளைகளுக்கு மூன்று வயதிலேயே சொட்டுமருந்து விட்டுவிடுகிறார்கள். யாருக்கும் பார்வை பெரிதாகக் கெடுவதில்லை. அன்று வந்த பன்னிரண்டு சில்லுகளும் வெங்காயச் சருகைவிட மெல்லியவை.

பதின்மூன்றாவதாக ஏறியவரைப் பார்த்து ஷமீலா எழுந்து நின்றுவிட்டாள். நாற்பது வயதை நெருங்கிய மனிதர். முகத்தில் மூக்குக் கண்ணாடி. கடைசியாக அதை ஒரு மனித முகத்தில் எப்போது பார்த்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

“தடிச்ச சில்லு வேணும்னு அறிவிப்புப் போட்டிருந்தீங்களே, பள்ளிக்கூடப் படகு ஓட்டுற மரகதத்துக்கு” என்றார் அவர். “என்கிட்ட இருக்கு. எடுத்துக்கங்க.”

ஷமீலா அவரை ஸ்கேன் முன்னால் உட்காரவைத்தாள். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஏழு. சில்லு எடுத்தால் ஒவ்வொன்றும் நடுவில் நூற்று முப்பது மைக்ரான் வரும். நான்கு மாவட்டங்களில் ஒரு மாதமாகத் தேடியும் எண்பதைத் தாண்டிய ஒருவர்கூடக் கிடைத்திருக்கவில்லை.

“இத்தனை நாள் எப்படி இந்தக் கண்ணோட இருந்தீங்க? பதினெட்டு வயசுல செதுக்கலையா?”

“படுத்தேன். கண்ணைப் பிடிக்கிற வளையம் வந்து அமுக்குனதும் கொஞ்ச நேரம் எல்லாம் இருட்டாப் போச்சு. பயந்துட்டேன். தொடங்குன்னு சொல்ல வாய் வரல. எந்திரிச்சுப் போயிட்டேன். வீட்டுல செதுக்கியாச்சுன்னு சொல்லிட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது பழைய சாமான் கடையில எடுத்தது. என் பவர் இல்ல. பாதிதான் தெரியும். மோட்டாருக்குச் சுருள் கட்டுற வேலை எனக்கு. மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தாப் போதும்.”

பெயர் சேந்தன் என்றார். ஊர் அதிராம்பட்டினம். படிவத்தில் ‘பெறுபவருக்கு உறவா?’ என்ற இடம் வந்ததும் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

“தம்பி” என்றார். “கூடப்பிறந்த தம்பி. பேசிப் பதினாலு வருசம் ஆச்சு.”

பிறகு தானாகவே சொன்னார். பெரும்புயல் ஆண்டுகளில் பிறந்தவர் அவர். சொட்டுமருந்து வந்துசேராத பிள்ளைகளில் ஒருவர். இருபத்துநாலு வயதில் அக்காவையும் அவள் கணவர் வீரையனையும் ஏற்றிக்கொண்டு மாலை மங்கும் நேரத்தில் படகை ஓட்டினார். அப்போதே மைனஸ் மூன்றோ நாலோ இருந்திருக்கும். பழகிய தடம்தானே என்ற தைரியம். நீருக்குமேல் ஒரு முழம் நின்ற இரும்புக் கம்பத்தை மற்ற இருவரும் பார்த்துக் கத்திய பிறகுதான் அவர் பார்த்தார். அக்கா பிழைத்தாள். வீரையன் பிழைக்கவில்லை. விசாரணையில் சேந்தனின் கண் சோதிக்கப்பட்டபோது பொய் வெளிவந்தது. மூன்று ஆண்டு சிறை.

“வெளிய வந்ததும் செதுக்கிக்கச் சொன்னாங்க. அந்த ஆளே இல்ல, எனக்கு எதுக்கு நல்ல கண்ணுன்னு விட்டுட்டேன்.”

ஷமீலா பேனாவைக் கீழே வைத்தாள். “சேந்தன், ஒண்ணு சொல்லணும். அடுத்தவங்க உடம்புல இருந்து வந்தது வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்குள்ள இருக்கும். அதனால யார் கொடுத்தாங்கன்னு சொல்லாம வைக்கக் கூடாதுன்னு சட்டம். உங்க அக்காவுக்கு உங்க பேரைச் சொல்லியாகணும். முதல்ல அவங்களைக் கேட்டுட்டு வரட்டுமா?”

“வேணாம் டாக்டரம்மா. முன்னாடியே கேட்டா வேணாம்னுதான் சொல்லும். எடுத்து வெச்சுட்டுக் கேளுங்க.”

“அப்பவும் வேணாம்னு சொன்னா? சில்லு ரெண்டு நாள்தான் தாங்கும். திரும்ப உங்களுக்கும் வைக்க முடியாது.”

“அப்ப எனக்குக் கண்ணு தெரியும், அக்காவுக்குத் தெரியாது” என்றார் சேந்தன். “அதையும் நான்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்.”

அவர் கட்டிலில் படுத்ததும் ஷமீலா கையைப் பிடித்துக்கொண்டாள். உறிஞ்சு வளையம் வலது கண்ணில் இறங்கியது. மேலே பச்சைப் புள்ளி ஒன்று தெரிந்து, மங்கி, மறைந்தது. செதுக்கி அசையாமல் நின்றது. நோயாளியின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வராமல் அது தொடங்காது. அதை வேறு யாரும் அவருக்காகச் சொல்லவும் முடியாது.

வளையம் அழுத்தத்தைத் தளர்த்திக் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. மீண்டும் இறங்கியது. மீண்டும் தளர்ந்தது. ஐந்து நிமிடம் போயிற்று.

“இதுக்குக் கோவம் வராதா?” என்றார் சேந்தன், உதடு மட்டும் அசைய.

“வராது. சாயங்காலம் வரைக்கும்கூட இப்படியே நிக்கும். நீங்க எந்திரிச்சுப் போனாலும் ஒண்ணும் நினைக்காது.”

“போக மாட்டேன்.” ஷமீலாவின் விரல்களை வலிக்க இறுக்கினார். “தொடங்கு.”

பதினோராவது நொடியில் உப்பு ஏற்றிய பெரிய தோணி ஒன்று வேகத்தைக் குறைக்காமல் அருகில் கடந்தது. அதன் அலை ‘கயல்’ மேல் மோதி, அலமாரியிலிருந்த தட்டுகள் குலுங்கின. ஷமீலாவின் பாதம் மிதியை அழுத்த எழுந்தது. அழுத்துவதற்குள் ஒளி நின்றிருந்தது. வளையங்கள் மூன்றும் அலையோடு சாய்ந்து, அலையோடு நிமிர்ந்தன. பிறகு செதுக்கி விட்ட புள்ளியிலிருந்தே கோட்டைத் தொடர்ந்தது. பின்னால் பதிவைப் பார்த்தபோது, இரண்டு முனைகளும் சேர்ந்த இடத்தில் விலகல் கால் மைக்ரான்கூட இல்லை. எந்த மனிதக் கைக்கும் வாய்க்காத பொறுமை அது என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் பக்கத்திலேயே இருப்பதால் வியப்பதை எப்போது நிறுத்தினோம் என்றும் தோன்றியது.

மரகதம் மாலை நாலு மணிக்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் கூம்புவிழி நோய். கருவிழி நடுவில் மெலிந்து கூம்பாகப் புடைத்துக்கொண்டே போகிறது. ஒரு விளக்கு அவளுக்கு மூன்றாகத் தெரியும். இறந்தவர்களின் கருவிழியை வைக்கலாமென்றால், எல்லோரும் பதினெட்டில் செதுக்கிக்கொண்டவர்கள், அவையும் மெலிந்தவை. ஆய்வகத்தில் வளர்த்த படலம் ஒன்றை இரண்டு ஆண்டுக்கு முன் வைத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் கரைந்துவிட்டது. சென்ற மாதம் ஸ்கேன் எடுத்ததும் அவளுடைய படகு உரிமத்தை நிறுத்திவைத்தார்கள்.

மகனை மேல்தளத்துக்கு அனுப்பிவிட்டு ஷமீலா பெயரைச் சொன்னாள்.

மரகதம் நாற்காலியிலிருந்து எழுந்தாள். “அவன் கண்ணையா என் கண்ணுக்குள்ள வைக்கச் சொல்றீங்க? எந்தக் கண்ணு என் புருசனைத் தின்னுச்சோ, அந்தக் கண்ணையா?”

ஷமீலா அவள் கையைப் பிடிக்கப் போனாள். மரகதம் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேற ஆளைப் பாருங்க.”

“வேற ஆள் இல்லம்மா. இந்த அளவுக்குக் கெட்ட கண்ணு இப்ப யாருக்குமே இல்ல. செதுக்கிக்காம விட்டதால அவர்கிட்ட மட்டும் மிஞ்சியிருக்கு. உங்களைக் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை கிடையாது. நாளை மறுநாள் காலை வரைக்கும் தாங்கும். யோசிச்சுச் சொல்லுங்க.”

மரகதம் கதவுவரை போனாள். கதவுநிலையைத் தடவிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வெளியே துறையில் பிள்ளைகள் படகிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. அது அவளுடைய படகு. ஒரு மாதமாக வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.

“டாக்டரம்மா, போன மாசம் ஸ்கேன் எடுத்தீங்களே, எப்பருந்து இப்படித் தெரியுதுன்னு கேட்டீங்க. ஒரு வாரமாத்தான்னு சொன்னேன்.”

“ஆமா.”

“பொய். நாலு மாசம். விளக்கு ரெண்டாத் தெரிஞ்சுச்சு, அப்புறம் மூணாத் தெரிஞ்சுச்சு. நடுவுல இருக்கறதுதான் நிசம்னு நானே முடிவு பண்ணிக்கிட்டு ஓட்டுனேன். முப்பத்திரண்டு புள்ளைங்க. சொன்னாப் படகைப் புடுங்கிருவாங்கன்னு பயம்.” அவள் குரல் இறங்கியது. “தடம்தான் பழகுனதாச்சேன்னு நினைச்சேன். அவன் கோர்ட்டுல சொன்னானே, அதே வார்த்தை.”

திரும்பி வந்து அவளாகவே கட்டிலைத் தேடி உட்கார்ந்தாள்.

“அவனை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. வைங்க.”

அன்று செதுக்கி செய்தது ஷமீலா அதுவரை பார்த்தவற்றிலேயே நுட்பமான வேலை. தம்பியின் சில்லை ஒரு கிண்ணத்துத் திரவத்தில் மிதக்கவிட்டு, அக்காளின் கூம்புக்குப் பொருந்தும்படி நடுவை மெலித்து ஓரத்தை அப்படியே விட்டது. அவளுடைய கருவிழி மெலிந்த இடத்தில் முந்நூறு மைக்ரான்தான் இருந்தது. அதற்குள், சரிபாதி ஆழத்தில், இரண்டு பக்கமும் துளைபடாமல் ஓர் உறை வெட்டியது. நுண்கரம் சில்லைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய் விரித்து, ஒரு சுருக்கமும் இல்லாமல் நீவிவிட்டது. ஷமீலா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடைத்திருந்த கூம்பு அவள் கண்முன்னாலேயே தாழ்ந்து வட்டமாயிற்று. இரண்டாவது கண்ணும் அப்படியே.

மறுநாள் காலை சோதனைக்கு மரகதம் தனியாக வந்தாள். மகனின் தோள் தேவைப்படவில்லை. எழுத்துப் பலகையில் கடைசிக்கு முந்தின வரியை மெதுவாக, ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசித்து முடித்ததும் பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உரிமம் திரும்பக் கிடைக்க ஒரு மாசம் ஆகும். ஆனா கிடைச்சுரும்” என்றாள் ஷமீலா.

“அவன் எங்க?”

“மேல்தளத்துல. அவருக்கும் இன்னைக்குத்தான் சோதனை. நீங்க போன பிறகு கீழ வர்றேன்னு சொன்னார்.”

மரகதம் படியேறினாள். விழுந்துவிடுவாளோ என்று ஷமீலாவும் பின்னால் போனாள். பாதிப் படியில் நின்றுகொண்டாள்.

சேந்தன் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்து நின்றிருந்தார். முகத்தில் கண்ணாடி இல்லை. காலடி கேட்டுத் திரும்பியவர் அக்காவைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினார். ஒதுங்கப் பெரிதாக இடமில்லை.

அவள் அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள்.

“காதோரம் நரைச்சுப்போச்சே உனக்கு” என்றாள்.

“ம்.”

அவரும் பார்த்தார். பதினாலு ஆண்டுகளாகத் தூரத்திலிருந்து ஓர் உருவமாக மட்டுமே பார்த்திருந்த முகம். இடது புருவத்துக்கு மேலே தொடங்கி, முடிக்குள் போய் மறையும் நீளமான தழும்பு ஒன்று அதில் இருந்தது.

“அக்கா... நெத்தியில அது என்ன? எப்ப வந்துச்சு?”

மரகதத்தின் கை தானாக நெற்றிக்குப் போனது.

“அன்னைக்குத்தான்” என்றாள். “கம்பத்துல மோதுனப்ப.”

அவர் முகம் கோணியது. தலையைத் தொங்கப் போட்டார். தோள் குலுங்கியது.

அவள் அவரை அழவிட்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னும் ஓரடி கிட்டே வந்தாள்.

“மூணு நாளைக்குத் தலையக் குனியக் கூடாதுன்னு உனக்கும்தானே சொல்லியிருக்காங்க” என்றாள். “நிமிந்து பாருடா.”

சேந்தன் நிமிர்ந்து பார்த்தார்.