பின்னாலிருந்து விழுந்த அடி

காலை 6:45.

இறகுப்பந்து அரங்கத்தின் வாசலைக் காவலாளி கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு பேர் கத்துவது கேட்டது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கடைக்காரரும் அவருடைய மைத்துனனும் பல வருடங்களாக இங்கே ஜோடியாக ஆடுகிறவர்கள். ஆடும்போது ஓருயிராக இருப்பார்கள், ஆட்டம் முடிந்ததும் கீரியும் பாம்புமாக நிற்பார்கள். அது வழக்கம்தான்.

"இனிமே உன்கூட ஆடினா என் பேர மாத்திக்கிறேன்!" இது பெரியவர்.

"அத்தான், நில்லுங்க. சொல்றதக் கேளுங்க." இது சின்னவன்.

அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம், காய்ந்த கழியை முறித்தது போல. தொடர்ந்து ஓர் அலறல். அது அடங்குவதற்குள் இன்னொரு சத்தம், 'படக்'. காவலாளி துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

கண்ணாடிக்கடைக்காரர் வலது குதிகாலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அவருக்குப் பின்னால் மைத்துனன். அவன் கையில் சட்டம் ஒடிந்து வலை தொங்கும் மட்டை. அரங்கத்தில் வேறு ஆள் இல்லை. உள்ளே வர வேறு வழியும் இல்லை.

"பாவி! பின்னாலேந்து அடிச்சிட்டியேடா!"

மைத்துனன் பேயறைந்தவன் போல நின்றான்.

*

காலை 9:30.

பிசியோவின் அறையில் எஸ்.ஐ. ஒரு ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். பிசியோ ஒல்லியான, வேகமான பெண்மணி. ஊரில் ஓடுகிற, தாண்டுகிற, எறிகிற கை கால்களில் பாதி அவர் கைபட்டுச் சரியானவை. வாசலில் நுழைகிறவரின் நடையைப் பார்த்தே எந்த முட்டி என்று சொல்லிவிடுவார்.

"வீட்ல செய்யச் சொன்ன பயிற்சியெல்லாம் செஞ்சீங்களா சார்?"

"செஞ்சேன்."

"எத்தனை நாள்?"

"நாள் கணக்குன்னு பார்த்தா..."

"குற்றவாளி மாதிரி முழிக்காதீங்க. இழுங்க."

பேச்சை மாற்றுவதற்காக எஸ்.ஐ. காலையில் வந்த வழக்கைச் சொன்னார். "ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது அந்த டீச்சரம்மாதான். அடிபட்டது புருஷன். அடிச்சது கூடப் பிறந்த தம்பி. ஸ்டேஷன்ல யார் பக்கத்துல உட்காரறதுன்னு தெரியாம நின்னுக்கிட்டே இருக்காங்க."

"எலும்பு எப்படி இருக்கு?"

"எக்ஸ்ரே எடுத்தாச்சு, முறிவு இல்ல. எலும்பு டாக்டர் சாயங்காலம்தான் வர்றாராம். அதுவரைக்கும் கட்டுப் போட்டு அனுப்பியிருக்காங்க. மட்டையே உடையற மாதிரி அடிச்சிருக்கான். எலும்பு தப்பிச்சது அதிசயம்."

பிசியோ பட்டையைக் கையில் வாங்கிக்கொண்டார். "மட்டை உடைஞ்சது, எலும்பு உடையலையா? நான் அந்தக் கால உடனே பார்க்கணும். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

"இது போலீஸ் விசாரணைம்மா."

"இந்தத் தோள்பட்டை யாரோடது சார்?"

"என்னோடது."

"அப்ப கூட்டிட்டு வாங்க."

*

கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்தார். இன்னொரு பக்கம் தாங்கிக்கொள்ள மைத்துனன் கை நீட்டினான். அவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அவன் லேசாக நொண்டிக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தான். வலது காலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தான்.

பிசியோ கட்டை அவிழ்த்தார். "அடி எங்க விழுந்தது?"

"இங்க." குதிகால் எலும்புக்கு மேலே, பின்பக்கம் தொட்டுக் காட்டினார். "சம்மட்டியால போட்ட மாதிரி இருந்துச்சு."

அந்த இடம் வீங்கியிருந்தது. ஆனால் தோலில் ஒரு கீறல் இல்லை, மட்டையின் தடம் இல்லை. பக்கத்தில் நகத்தளவுக்கு ஒரு வட்டம் மட்டும் வெளுத்திருந்தது.

"இது என்ன?"

"அதுவா... பிறவி மச்சம்."

"எனக்குத் தெரியாத மச்சமா?" என்றார் டீச்சர். "இருபது வருஷமா பார்க்கற காலு. போன வருஷம்கூட இது இல்ல."

டீச்சர் கொண்டுவந்திருந்த அவருடைய வலது ஷூவைப் பிசியோ எடுத்தார். உள்ளே, குதிகால் பதியும் இடத்தில், துணியை மடித்துத் திணித்திருந்தது. இடது ஷூவில் எதுவும் இல்லை.

"இது எதுக்கு?"

"ஷூ கொஞ்சம் பெருசு."

"ஒரு காலுக்கு மட்டுமா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"டீச்சர், காலையில எழுந்ததும் இவர் எப்படி நடக்கறார்?"

"நண்டு மாதிரி. கொஞ்ச மாசமா படியில பக்கவாட்டுலதான் இறங்கறார், சுவரப் பிடிச்சிக்கிட்டு. கேட்டா வயசாயிடுச்சுங்கறார். வயசானவர் ஏன் விடிகாலையில மட்டையைத் தூக்கிட்டு ஓடணும்?"

எஸ்.ஐ. மூலையின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. அடிச்சியா?"

"இல்ல சார்."

"மட்டை?"

"உடைஞ்சிடுச்சு."

"எப்படி?"

"பதட்டத்துல கவனிக்கல."

"எதுக்கு சண்டை?"

மைத்துனன் அக்காவை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "அது எங்களுக்குள்ள."

"அவன் சொல்லமாட்டான், நான் சொல்றேன்." கண்ணாடிக்கடைக்காரரின் குரல் உடைந்தது. "அடுத்த வாரம் போட்டி. 'நீங்க ஆட வேணாம் அத்தான்'னு சொல்றான். வேற எவனையோ பிடிச்சிருக்கான். லிஃப்ட் ரிப்பேர் பண்ணி ஊரெல்லாம் சுத்தறவனுக்கு ஆளா கிடைக்காது? முடியாதுன்னு திரும்பினேன். ஓடறதுக்கு ஒரு எட்டு வெச்சிருப்பேன். பின்னாலேந்து போட்டுட்டான். மட்டை பிடிக்கக் கத்துக் கொடுத்ததே நான்தாங்க!"

டீச்சர் கணவரையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

பிசியோ காவலாளிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "அண்ணே, நீங்க கேட்டத, கேட்ட வரிசையில அப்படியே சொல்லுங்க."

"முதல்ல டப்புன்னு சத்தம்மா. அப்புறம் அவர் அலறினார். அப்புறம் படக்குன்னு இன்னொரு சத்தம்."

"ரெண்டு சத்தமா?" என்றார் எஸ்.ஐ. "ஒரே அடிதானேன்னு நான்தான் சேர்த்துக்கிட்டேன்."

"சேர்க்கக் கூடாத இடம் அதுதான் சார்."

*

பிசியோ கண்ணாடிக்கடைக்காரரைக் குப்புறப் படுக்க வைத்தார். இரண்டு பாதங்களும் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கின.

"எல்லாரும் பாதத்தப் பாருங்க. இது நல்ல கால்." இடது கெண்டைச்சதையைப் பிடித்து அழுத்தினார். பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. "இது அடிபட்ட கால்." வலது கெண்டைச்சதையை அழுத்தினார்.

பாதம் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். கல் போல இருந்தது.

"ஆனா விரல ஆட்ட முடியுதே!" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அதுக்கு வேற தசைங்க இருக்கு. அதனாலதான் சும்மா பார்த்தா சுளுக்கு மாதிரி தெரியும். கெண்டைச்சதையையும் குதிகாலையும் கட்டியிருக்கற தசைநாண் ஒண்ணு இருக்கு. நாமெல்லாம் குதிகால் நரம்புன்னு சொல்றோமே, அது. அது அறுந்துபோச்சு. இந்த இடத்துல விரல் வெச்சா பள்ளம் தெரியுது."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எஸ்.ஐ. நிமிர்ந்தார். "அப்போ அடி பலம்தான். வழக்கு இன்னும் பெருசாகுது."

"அடியே விழல சார். மட்டை ஒடியற மாதிரி அடிச்சிருந்தா தோல்ல தடம் இல்லாம போகுமா? அடி வாங்கினவர் மட்டை உடைஞ்ச பிறகுதான் அலறணும். இவர் அலறினதுக்கு அப்புறம்தான் மட்டை உடைஞ்சிருக்கு. முதல் சத்தம் மட்டையோடது இல்ல. இவர் காலோடது."

"கோபத்துல திரும்பி ஒரே உந்தா உந்தி ஓடினீங்க. அந்த உந்துலதான் அறுந்துச்சு. இது அறுந்து வர்றவங்கள்ல நிறையப் பேரு சொல்றது ஒண்ணுதான்: 'யாரோ பின்னாலேந்து உதைச்சாங்க.' திரும்பிப் பார்ப்பாங்க, யாருமே இருக்க மாட்டாங்க. உங்களுக்குக் கெட்ட நேரம், பின்னால மச்சான் இருந்தான்."

"அப்போ மட்டை?" என்றார் எஸ்.ஐ.

"தம்பி, அந்த பேண்ட்ட முட்டிக்கு மேல தூக்குப்பா."

மைத்துனன் தயங்கித் தயங்கித் தூக்கினான். வலது முட்டியில் கட்டம் கட்டமாகச் சிவந்து கன்றியிருந்தது. மட்டையின் வலை அச்செடுத்தது போல அப்படியே பதிந்திருந்தது.

"விழறவரைப் பிடிக்கப் பாஞ்சிருக்கான். முட்டி மட்டை மேல இறங்கியிருக்கு. உங்க குடும்பத்துல இன்னிக்கு மட்டையால அடிவாங்கின ஒரே ஆளு இவன்தான்."

"சரி, குற்றவாளி யாரு?" எஸ்.ஐ.யால் விட முடியவில்லை.

"கட்டில்ல குப்புறப் படுத்திருக்கார்."

பிசியோ அந்த வெளுத்த வட்டத்தை மெதுவாகத் தொட்டார். "குதிகால் மாசக் கணக்கா வலிச்சிருக்கு. படியில நண்டு நடை, ஷூவுக்குள்ள துணி. கால் தன்னால முடிஞ்ச மட்டும் சொல்லிப் பார்த்திருக்கு. இவர் ஓய்வு கொடுக்கல. வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டார். அந்த மாதிரி ஊசி போட்ட இடம் சில பேருக்கு இப்படி வெளுக்கும். வலி தூங்கிடும். ஆனா நாண் பலமிழந்து போகலாம். வலி இல்லங்கற தைரியத்துல இவர் ஆடியிருக்கார். எத்தனை ஊசிங்க?"

"ரெண்டு," என்றது தலையணை.

"ஊசியா?" டீச்சர் எழுந்துவிட்டார். "எனக்குத் தெரியாமலா? யாரு கூட்டிட்டுப் போனது?"

"நான்தான்க்கா." மைத்துனன் முதல் முறையாக மறைக்காமல் பேசினான். "உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டார். தெரிஞ்சா ஆடவே விடமாட்டியாம். ரெண்டாவது ஊசிக்கப்புறமும் பந்தை எடுக்கக் குனிஞ்சு எழும்போது முகம் சுருங்கும். என்னால பார்க்க முடியல. அதான் வேணாம்னேன்."

"ஏண்டா," என்றார் எஸ்.ஐ., "லாக்கப் வாசல் வரைக்கும் வந்தும் இதச் சொல்லத் தோணலையா?"

"அக்கா பக்கத்துலேயே இருந்தா சார்."

கண்ணாடிக்கடைக்காரர் தலையணையிலிருந்து முகத்தை எடுத்தார். கண்ணாடி கோணலாகத் தொங்கியது. "அப்போ என் இடத்துல யாரு ஆடப்போறா?"

"யாரும் இல்ல. போட்டியிலேந்து நம்ம ரெண்டு பேரு பேரையும்தான் எடுத்தேன். நீங்க இல்லாம நான் யாரோட ஆடறது அத்தான்?"

அவர் கையை நீட்டினார். சற்றுமுன் மைத்துனனைத் தட்டிவிட்ட அதே கை. மைத்துனன் பிடித்துக்கொண்டான். டீச்சர் இருவர் தலையிலும் கைப்பையால் ஒவ்வொரு அடி போட்டார். அதற்கு எஸ்.ஐ. வழக்கு எதுவும் பதியவில்லை.

பிசியோவுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. பாதத்தைக் கீழ்நோக்கிச் சாய்த்து, அப்படியே அசையாமல் அட்டை வைத்துக் கட்டினார். "நீவக் கூடாது, தைலம் தேய்க்கக் கூடாது, பாதத்த மேல இழுக்கக் கூடாது, ஊன்றவே கூடாது. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம். சர்ஜனுக்கு நானே போன் பண்றேன். ஸ்கேன் பார்த்துட்டு தைக்கணுமா, கட்டுலேயே கூடுமான்னு அவர் சொல்வார். எப்படியும் முக்கால் வருஷ வேலை."

"முக்கால் வருஷமா?"

"மாசக் கணக்கா மறைச்சீங்கல்ல? இப்ப மாசக் கணக்கா என் பேச்சக் கேளுங்க."

*

அவர் கேட்டார். வேறு வழியும் இல்லை, மனைவி கூடவே வந்தார். அறுவை சிகிச்சை முடிந்தது. கட்டு போய், குதிகால் உயர்த்திய பூட்ஸ் வந்தது. பூட்ஸ் போய், கைத்தடி வந்தது. கைத்தடியும் போனது. வாரம் தவறாமல் மைத்துனன் வண்டியில் ஏற்றி வந்தான். வண்டியிலும் சண்டைதான், எந்தத் தெரு வழியாகப் போவது என்று.

மழை பெய்த ஒரு காலையில் பிசியோ அவரைச் சுவரோரம் நிறுத்தினார். "ரெண்டு விரல் மட்டும் சுவர்ல. இடது கால எடுங்க. இப்ப வலது குதிகாலத் தரையிலேந்து தூக்குங்க."

அவர் மூச்சைப் பிடித்தார். கெண்டைச்சதை நடுங்கியது. நெற்றியில் வியர்வை. ஒன்றும் நடக்கவில்லை. மைத்துனன் தன்னையறியாமல் தன் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

பிறகு தரைக்கும் குதிகாலுக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"வந்துடுச்சு! அத்தான், வந்துடுச்சு!" மைத்துனன் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"இத்துனூண்டு தூக்கினதுக்கா இவ்வளவு சத்தம்?" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.