லெங் வந்துவிட்டான்

வாசல் விளக்கு எரியவில்லை.

ஆள் வந்து நின்றால் தானாக எரிகிற விளக்கு அது. மகள் மாய் சீ போன குளிர்காலத்தில் வந்தபோது மாட்டிவிட்டுப் போனாள், பனியில் அப்பா வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று. பூனை போனாலும் எரியும். பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டியின் மூடி காற்றில் ஆடினாலும் எரியும். இன்று சோங் லெங் கடைப்பையோடு அதன் கீழே போய் நின்றார். கையை ஆட்டினார். தொப்பியைக் கழற்றி ஆட்டினார். ஊஹூம். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஜனவரி என்றால் மாலை ஆறு மணிக்கே கும்மிருட்டுதான். கதவைத் தடவித் தடவிச் சாவியை நுழைத்தார்.

"மிஸ்டர் வூ!"

சட்டென்று பதில் வரவில்லை அவருக்கு. இருட்டிய பிறகு வெளியிலிருந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காதே, கூப்பிடுவது மனுசன்தான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அம்மா அடித்து வளர்த்த பிள்ளை. திரும்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டு டுவேன்தான், பனி தள்ளும் கட்டையோடு.

"நீங்களா? இருட்டுல ஆளே தெரியல. பையன் வந்திருக்கான் போல? காலைல ஜன்னல்ல பார்த்தேன். அச்சு அசல் நீங்கதான், முடி மட்டும் கருப்பு."

"எனக்கு ஏது பையன்? ஒரே பொண்ணு, அவ கலிஃபோர்னியால இருக்கா."

"அப்ப மருமகன். யாரா இருந்தா என்ன, ஒரு ஸ்வெட்டர் குடுங்கய்யா. பாவம், கிழிஞ்ச சட்டையோட நிக்கிறான்." சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

சோங் லெங் உள்ளே வந்து கதவைச் சாத்தி, சாத்திய கதவிலேயே சாய்ந்து நின்றார். வீட்டில் வாடை மாறியிருந்தது. மனைவி யெர் இறந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு ஒரே வாடைதான், ஹீட்டர் சூட்டில் காய்ந்த கம்பளமும் தைலமும். இப்போது அதற்கு அடியிலிருந்து வேறொன்று கசிந்தது. ஈர மண், மூங்கில் எரிந்த புகை, மழைக்குப் பின் தகரக்கூரை விடுகிற துரு வாடை. நாற்பது வருசத்துக்கு முன்னால் தாய்லாந்து அகதி முகாமில் மூக்கில் ஏறிய வாடை அது.

அந்த முகாமில்தான் வினையே ஆரம்பித்தது. லாவோஸ் போருக்குத் தப்பி மீகாங் ஆற்றை நீந்திக் கடந்து வந்த இளைஞன் அங்கே கொடுத்த பெயர் லெங் வூ. அங்கேயே கல்யாணம், அங்கேயே மாய் சீ. லாவோஸ் மலைகளில் வாழும் ஹ்மோங் இனத்தில் ஆணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டால் சின்ன வயசுப் பெயரோடு திரிய முடியாது. மாமனார் கோழி அடித்து ஊரைக் கூப்பிட்டு, 'இனி நீ பெரிய மனுசன்' என்று பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்துக் கொடுப்பார். லெங் அப்படித்தான் சோங் லெங் ஆனான். அமெரிக்கா வந்ததும், கோழிக்கறி ஆலையில் உழைத்ததும், கையைத் தூக்கிச் சத்தியம் செய்து குடியுரிமை வாங்கியதும் அந்தப் பெரிய பெயரில்தான். இப்போது அரசாங்கம் எதையோ தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறது, லெங் ஒருவன், சோங் லெங் இன்னொருவன் என்று. ஒருவனுடைய இடத்தில் இன்னொருவன் ஏமாற்றி வந்துவிட்டானாம். குடியுரிமையைப் பறிக்க வழக்குப் போட்டாகிவிட்டது. தோற்றால் லாவோஸுக்கு நாடு கடத்தல். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

சுவரில் போன் அடித்தது. மாய் சீ. தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள்.

"அப்பா, சாப்பிட்டீங்களா? குரல் என்ன இப்படிக் கம்முது?"

"ஒண்ணுமில்லம்மா. தூக்கமில்ல. அதான் நேத்து ஆன்மாவ அழைச்சேன்."

"யார் வந்து அழைச்சா? மாமாவா?"

"நானேதான்."

"தனியாவா? பைத்தியமா உங்களுக்கு? நாலு பேரக் கூப்பிடறதுக்கு என்ன கேடு?"

என்ன கேடு? வெட்கம்தான். உன் குடியுரிமையைப் பிடுங்குகிறார்களாமே என்று யாராவது கேட்டுவிட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பயத்தில் உடம்பை விட்டு ஓடிய ஆன்மாவைத் திரும்ப அழைக்க அவரே வாசல் கதவைத் திறந்துவைத்தார், கோழியும் அரிசியும் முட்டையும் வைத்தார், ஊதுவத்தி கொளுத்தினார். காட்டில் நிற்காதே, ஆற்றங்கரையில் நிற்காதே, முகாமின் தகரக்கூரைக்குக் கீழே நிற்காதே, வீட்டுக்கு வந்துவிடு என்று இருட்டும்வரை அழைத்தார். குறி கேட்க எருமைக் கொம்புத் துண்டுகளைத் தரையில் போட்டுப் பார்த்தார். வந்துவிட்டது என்றுதான் விழுந்தது.

"அப்பா." அவள் குரல் இறங்கியது. "எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க?"

அவர் போன் வயரை விரலில் சுற்றினார்.

"அப்பா!"

"லெங்னுதான். அதுதான் நெச ஆளுன்னு அவங்களே சொல்றாங்களேம்மா. வக்கீலும் வாய்க்கு வாய் லெங், லெங்னுதான் சொல்றார். அந்தப் பேருக்குத்தான் வரும்னு நெனச்சேன்."

"ஐயோ, என்ன காரியம்ப்பா செஞ்சீங்க! அது நான் பொறக்கறதுக்கு முந்தின பேரு. அம்மாவக்கூட அப்பத் தெரியாது உங்களுக்கு. அந்தப் பேருக்கு நீங்க எப்படி வருவீங்க?"

அப்படியானால் வந்தது யார்?

"அப்பா, கேளுங்க. கதவத் தொறந்து மரியாதையாப் போகச் சொல்லுங்க. நான் மாமாவுக்கு போன் போட்டுட்டு உடனே கூப்பிடறேன்."

போனை வைத்தார். ஹீட்டர் நின்றது. அது ஓடிக்கொண்டிருந்தவரை கேட்காத சத்தம் ஒன்று அப்போது கேட்டது. சமையலறையில், இருட்டில், யாரோ மென்றுகொண்டிருந்தார்கள். பசியில் மெல்கிற மெல்லல். அவசரமாக, மூச்சு வாங்கி, இடையிடையே விரலை நக்கி. பல்லில் முட்டை ஓடு நொறுங்கியது.

கீழே பார்த்தார். கம்பளத்தில் ஈரக்கால் தடம். வெறுங்கால். வாசலிலிருந்து சமையலறைக்கு. உள்ளே போன தடம் மட்டும்தான்.

உள்ளே அழைக்க உள்ளே நின்று அழைத்தோம், வெளியே அழைக்க வெளியேதான் நிற்க வேண்டும். அப்படித்தான் தோன்றியது அந்த நேரத்தில். கதவை அகலத் திறந்துவைத்துவிட்டுக் காலுறையோடு வாசலில் இறங்கினார். பனி வந்து முகத்தில் விழுந்தது. குளிரே தெரியவில்லை. அதை அவர் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

"லெங்," என்றார். "சாப்பிட்டது போதும்ப்பா. வெளிய வந்துடு. இது உன் வீடு இல்ல."

மெல்லுகிற சத்தம் நின்றது.

பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். கம்பளத்தில். கூடத்தில். கிட்டே.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.

தட்டினார். குத்தினார். கை வலிக்கவில்லை, கதவில் சத்தமும் எழவில்லை. ஜன்னலுக்கு ஓடினார். உள்ளே விளக்கு எரிந்தது. அவருடைய நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். கிழிந்த சட்டை, ஆற்றுத் தண்ணீர் சொட்டுகிற கருப்பு முடி, கன்னத்தில் ஒட்டிய மஞ்சள் கரு. முகாமில் எடுத்த போட்டோவில் இருக்கிற அதே முகம். சுற்றிச் சுற்றிப் பார்த்தான், இப்படியொரு வீட்டை வாழ்நாளில் பார்த்திராதவன் போல. யெருடைய படத்தைப் பார்த்தான். யாரென்று தெரியாமல் கண்ணை எடுத்துக்கொண்டான்.

போன் அடித்தது.

"எடுக்காதே," என்றார் சோங் லெங். "டேய், எடுக்காதே!"

எடுத்தான். கேட்டான். வெட்கப்பட்டுச் சிரித்தான். கண்ணாடி வழியாக ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. அவருடைய குரல்தான், கிழடு தட்டாத குரல்.

"லெங்தான் பேசறேன். அப்பாவா? யாருக்கு? எனக்குப் பொண்ணு ஏதுங்க? கல்யாணமே ஆகல இன்னும்."

மாய் சீ என்று கத்தினார். மாய் சீ, மாய் சீ, அப்பா இங்கே இருக்கேன்டி. கண்ணாடியில் அவர் மூச்சு படியவே இல்லை. போனை வைத்துவிட்டான்.

இனி அழைப்பதற்கு ஒரே பெயர்தான் இருந்தது.

"லெங்!" என்று கூப்பிட்டார். "லெங்! கதவத் தொறடா! நான்தான்டா, லெங்!"

அவனுக்குக் கேட்டது. உடம்பு விறைத்தது. மெல்ல இருட்டின் பக்கம் திரும்பினான். கண்ணில் பயம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான், அம்மா அடித்து வளர்த்த பிள்ளை. எழுந்து போய் விளக்கை அணைத்தான்.

வாசலில் பனி மெத்தென்று பெய்தது. படியிலும் ஜன்னலுக்குக் கீழேயும் ஒரு தடம்கூட இல்லை. குப்பைத்தொட்டியின் மூடி காற்றில் ஆட, வாசல் விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது. அந்தக் காலியான இடத்திலிருந்து யாரோ லெங், லெங் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.